பல்செட்டா, பிரிட்ஜா, இம்ப்ளான்டா: கடிக்கும் சுமையை யார் தாங்குவது?

என் அப்பாவுக்கு மேலும் கீழும் முழுப் பல்செட் கட்டி ஒரு வருடம் ஆகியிருந்தது. மேல் செட் எந்நேரமும் வாயில் இருக்கும். கீழ் செட் எந்நேரமும் டப்பாவில் இருக்கும். சாப்பிட உட்காரும்போது மட்டும் அதை எடுத்து மாட்டுவார். நாலு வாய் மெல்வதற்குள் அது மேலே கிளம்பிவிடும், ஈறில் உரசும். கழற்றிக் கழுவி வைத்துவிட்டு வெறும் ஈறாலேயே மென்று முடிப்பார். இரண்டையும் செய்தவர் ஒருவரே, அதே பொருளில், ஒரே சமயத்தில். ஒன்று ஒட்டிக்கொண்டது, இன்னொன்று ஒட்டவே இல்லை. செய்தவர் கைக்கோளாறு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது தவறு என்று புரிவதற்கு நிறையப் படிக்கவும், பல் மருத்துவர்கள் சிலரிடம் திரும்பத் திரும்பக் கேட்கவும் வேண்டியிருந்தது. நான் மருத்துவர் அல்ல. இதே முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் ஒரு மகனாக நின்றவன், அவ்வளவுதான்.

பல் போனவர்களிடம் பொதுவாக மூன்று வழிகளைச் சொல்வார்கள்: கழற்றி மாட்டும் செட், பக்கத்துப் பற்களில் நிறுத்தும் பிரிட்ஜ், எலும்பில் திருகும் இம்ப்ளான்ட். நாமும் செலவு எவ்வளவு, எத்தனை நாளாகும், பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்டு ஒன்றைத் தேர்ந்துவிடுகிறோம். இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கடிக்கும்போது அந்த அழுத்தம் எங்கே போய் இறங்கும்? செட் என்றால் ஈறில். பிரிட்ஜ் என்றால் பக்கத்துப் பற்களில். இம்ப்ளான்ட் என்றால் தாடை எலும்பில். எது எத்தனை காலம் உழைக்கும், எங்கே வலிக்கும், பத்து வருடம் கழித்து வாய் எப்படி இருக்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

பல் போனால் எலும்பும் போகிறது

இயற்கையான பல் எலும்பில் ஆணி அடித்ததுபோல் நிற்பதில்லை. வேரைச் சுற்றி மெல்லிய நார்கள் இருக்கின்றன. அவைதான் பல்லைக் குழிக்குள் தொங்கவிட்டுப் பிடித்திருக்கின்றன. நாம் கடிக்கும்போது அந்த நார்கள் எலும்பை இழுக்கின்றன. அந்த இழுப்புதான் எலும்புக்கு வேலை. பல்லைப் பிடுங்கியதும் வேலை போய்விடுகிறது. வேலை இல்லாத எலும்பை உடல் கரைத்துவிடுகிறது. முதல் வருடத்தில் கரைவது மிக வேகம். பிறகு மெதுவாகும், ஆனால் ஆயுள் முழுக்க நிற்காது. முழுப் பல்செட் போட்டவர்களை 25 வருடம் தொடர்ந்து அளந்து டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972-இல் வெளியிட்ட கணக்கு இன்றும் பேசப்படுகிறது: கீழ்த்தாடையில் பற்கள் நின்றிருந்த எலும்பு மேடு, மேல்தாடையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு கரைந்திருந்தது.

அப்பாவின் டப்பாவுக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது. பற்கள் எல்லாம் இருக்கும்போது ஒரு தாடையில் வேர்களைப் பிடித்திருக்கும் நார்களின் மொத்தப் பரப்பு சுமார் 45 சதுர சென்டிமீட்டர். முழு செட் உட்கார மேல்தாடையில் கிடைப்பது சுமார் 23, கீழ்த்தாடையில் வெறும் 12. அந்த இடமும் சுமை தாங்குவதற்கென்று உண்டானதல்ல. எலும்பின் மேல் போர்த்திய மெல்லிய ஈறு. அதனால்தான் முழு செட் போட்டவரின் கடிவலிமை, இயற்கைப் பற்களின் கடிவலிமையில் நாலில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். இதை முன்கூட்டியே சொல்லாமல் "பழைய மாதிரி எல்லாவற்றையும் கடிக்கலாம்" என்று சொல்லிச் செட்டைக் கையில் கொடுப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். அவர் தன்மேல்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறார்.

மேல் செட் ஏன் நிற்கிறது? அண்ணம் முழுவதையும் மூடிக்கொள்வதால். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்து வைத்தால் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளுமே, அதே வேலையை இங்கே எச்சில் செய்கிறது. ஓரங்கள் காற்றுப் புகாமல் ஈறோடு பொருந்தியிருந்தால் பிடி இன்னும் உறுதி. கீழ் செட்டோ குதிரை லாட வடிவம். நடுவில் நாக்கு, பக்கத்தில் கன்னம், அடியில் ஓயாமல் அசையும் வாயின் தரை. ஒட்டிக்கொள்ளப் பரப்பு இல்லை. நாக்கும் கன்னத் தசையும் அதை அமுக்கிப் பிடிக்கப் பழக வேண்டும். அதற்குப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். பழகியவர்கள் நன்றாகவே வாழ்கிறார்கள். மேடு தேய்ந்துபோனவர்கள், எச்சில் குறைந்தவர்கள், வயது ஏறித் தசை தளர்ந்தவர்கள் எவ்வளவு முயன்றாலும் முடியாமல் போகலாம்.

செட்டின் அடித்தளப் பொருள் எவ்வளவோ மாறிவிட்டது. ஜார்ஜ் வாஷிங்டன் 1789-இல் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்று. அவருடைய செட்டுகள் தந்தம், மனிதப் பல், ஈயம் எல்லாம் கலந்தவை. மேலும் கீழும் நகராமல் இருக்க ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். மரத்தால் ஆனவை என்பது வெறும் கதை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கெட்டி ரப்பர் வந்தது, 1930-களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வந்தது. இப்போது கணினியில் வடிவமைத்துக் கடைந்தும் எடுக்கிறார்கள். ஆனால் அன்றும் இன்றும் செட் உட்காரும் இடம் அதே ஈறுதான்.

ஒன்றிரண்டு பல் மட்டும் போனவர்களுக்கு

முதலில், யாரும் அதிகம் சொல்லாத ஒரு வழி: ஒன்றும் செய்யாமல் விடுவது. கடைசிக் கடைவாய்ப்பல் ஒன்று போயிருக்கிறது, மெல்வதில் சிரமம் இல்லை, வெளியே தெரிவதும் இல்லை என்றால் அதை நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த கைசர் 1980-களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்து, சரியான இடங்களில் 20 பல் இருந்தாலே பெரும்பாலோருக்கு மெல்லும் வேலை நடந்துவிடும் என்று காட்டினார். 80 வயதிலும் 20 பல் என்று ஜப்பான் 1989-இல் தொடங்கிய '8020' இயக்கத்தின் குறியும் அதே எண்ணிக்கைதான். இடைவெளியை அப்படியே விட்டால் பக்கத்துப் பல் சாயலாம், எதிர்ப்பல் நீண்டு வரலாம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லி, நகர்கிறதா என்று கவனித்தால் போதும்.

நிரப்பத்தான் வேண்டும் என்றால், பெரும்பாலும் பிரிட்ஜா இம்ப்ளான்டா என்ற கேள்விதான் வரும். பிரிட்ஜ் என்றால் இருபக்கப் பற்களையும் சுற்றிச் செதுக்கி, அவற்றுக்குக் கேப் போட்டு, நடுவில் ஒரு பொய்ப்பல்லைத் தொங்கவிடுவது. இரண்டு மூன்று முறை போனால் சில வாரங்களில் முடிந்துவிடும், அறுவை இல்லை. ஆனால் இரண்டு பல் மூன்று பல்லின் சுமையைத் தாங்க வேண்டும். கேப்பின் ஓரத்தில் சொத்தை நுழைந்தால் வெளியே தெரியாது. தாங்கும் பல் ஒன்று போனால் முழு பிரிட்ஜும் போகும். செதுக்கிய எனாமல் திரும்ப வளர்வதில்லை.

ஆகவே நான் பக்கத்துப் பற்களைத்தான் முதலில் பார்ப்பேன். இரண்டுமே ஏற்கெனவே பெரிதாக அடைத்தவை, கேப் போட வேண்டிய நிலையில் இருப்பவை என்றால் பிரிட்ஜ் நியாயமான தேர்வு. எப்படியும் போட வேண்டிய கேப்புகளோடு மூன்றாவது பல்லும் வந்துவிடுகிறது. இரண்டுமே பழுதில்லாத பற்கள் என்றால், ஒரு இடைவெளியை அடைக்க இரண்டு நல்ல பற்களைச் செதுக்க என் மனம் ஒப்பாது. அங்கே இம்ப்ளான்ட் மேல். முன்பல்லாக இருந்தால், பக்கத்துப் பல்லின் உள்பக்கத்தில் ஒரு மெல்லிய இறக்கையைப் பசை வைத்து ஒட்டி நிறுத்தும் பிரிட்ஜும் உண்டு. செதுக்கல் இல்லை, அல்லது மிகக் குறைவு. என்றாவது கழன்றால் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். இப்படி ஒன்று இருப்பதையே பலரிடம் சொல்வதில்லை, நீங்களே கேளுங்கள். வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு இம்ப்ளான்ட் வைக்கக் கூடாது என்பதால், விபத்தில் முன்பல் இழந்த பதின்வயதினருக்கு இது பெரிய உதவி.

இம்ப்ளான்ட் என்பது டைட்டானியத் திருகு. சுவீடனைச் சேர்ந்த பிரோனமார்க் 1950-களில் முயல் எலும்பில் இரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். வேலை முடிந்து கழற்றப் போனால் எலும்பு அதை விடவில்லை, இரண்டும் ஒன்றாகியிருந்தன. 1965-இல் முதல் மனிதரின் தாடையில் வைத்தார். இன்று வைப்பவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பத்து வருடம் கழித்தும் நிற்கின்றன. எலும்பு பிடிக்கப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். எலும்பு போதாவிட்டால் ஒட்டெலும்பு வைக்க வேண்டியிருக்கும். மாதங்கள் இன்னும் கூடும்.

இம்ப்ளான்டுக்குச் சொத்தை வராது என்பது உண்மை. அதற்கு நோயே வராது என்பது உண்மையல்ல. அதைச் சுற்றியுள்ள ஈறில் அழற்சி வந்தால் எலும்பு கரைந்து, திருகு ஆடத் தொடங்கும். ஏற்கெனவே ஈறு நோயால் பல் இழந்தவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், தாடைக்குக் கொடுத்த கதிர்வீச்சு, எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ எடுக்கும் சில எலும்பு மருந்துகள் ஆகியவற்றை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அந்த மருந்துகள் எடுப்பவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும் வாய்ப்பு உண்டு. இன்னொன்றும் உண்டு. இம்ப்ளான்டைச் சுற்றி அந்த நார்கள் கிடையாது. கல் கடிபட்டால் இயற்கைப் பல் உடனே உணர்ந்து வாயைத் திறக்கவைக்கும். இம்ப்ளான்டுக்கு அந்த உணர்வு மங்கல்.

பல பல் போய், சில பல் மிச்சம் இருந்தால்

இங்கே பகுதிச் செட் வருகிறது. அக்ரிலிக்கில் செய்தது மலிவு, விரைவில் கிடைக்கும், பின்னால் பல் சேர்க்கவும் எளிது. ஆனால் சுமை முழுவதையும் ஈறின் மேல் போடும். உலோகச் சட்டத்தில் செய்தது மெல்லியது. மிஞ்சிய பற்களின் மேல் சிறு தாங்கிகளை ஊன்றி, சுமையில் ஒரு பங்கைப் பல்லுக்கு மாற்றும். வளையும் நைலான் செட்டில் கம்பி தெரியாது, போட்டுக்கொள்ளவும் இதமாக இருக்கும். அதனால் பலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் சுமை அதிலும் ஈறுக்குத்தான். உடைந்தால் ஒட்டுவதும், ஈறு சுருங்கியபின் உள்பக்கம் நிரப்பித் திருத்துவதும் கடினம். சில மாதத்துக்கு என்றால் அக்ரிலிக் போதும். வருடக்கணக்கில் போடப்போவது என்றால் உலோகச் சட்டத்தைத்தான் சொல்வேன், சிரிக்கும்போது ஒரு கொக்கி தெரிந்தாலும். எதுவானாலும், கொக்கி பிடிக்கும் பற்களைத் தினமும் தேய்க்காவிட்டால் அடுத்துப் போவது அவைதான்.

ஒரு பல்லும் இல்லை என்றால், அல்லது எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னால்

இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதத் தொடங்கினேன்.

"நாலைந்துதான் மிச்சம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரேயடியாகச் செட் போட்டுவிடலாம்" என்று சொன்னால், உடனே தலையாட்டாதீர்கள். மிச்சமிருப்பவற்றில் ஆடாத பல் எது என்று கேளுங்கள், முக்கியமாகக் கீழ்த்தாடையில். வேர் சிகிச்சை செய்து, பல்லை ஈறளவுக்கு வெட்டிவிட்டு, அந்த வேர்களின் மேலேயே முழு செட்டை உட்காரவைக்க முடியும். பெரும்பாலும் இரண்டு கோரைப்பல் போதும். வேர் இருக்கும்வரை நார்கள் இருக்கும், நார்கள் இருக்கும்வரை எலும்பு இருக்கும். 1978-இல் வந்த ஓர் ஆய்வில் ஐந்து வருடம் கழித்துக் கீழ்த்தாடையின் முன்பகுதியை அளந்தார்கள். எல்லாப் பல்லையும் எடுத்துச் செட் போட்டவர்களுக்குச் சராசரியாக 5.2 மில்லிமீட்டர் உயரம் குறைந்திருந்தது. வேர்களை விட்டுவைத்தவர்களுக்கு 0.6 மில்லிமீட்டர்தான். அந்த வேர்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சொத்தை பிடிக்கும். அந்த உழைப்புக்குப் பலன் உண்டு.

என் அப்பாவுக்குக் கீழே இரண்டு கோரைப்பல் கடைசிவரை ஆடாமல் நின்றன. அவற்றையும் சேர்த்து எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அப்படி ஒரு வழி இருப்பதை யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

பல் எடுத்த அன்றே மாட்டும் செட்டும் உண்டு. பல் இல்லாமல் வெளியே போக வேண்டியதில்லை என்பது சிறிய நன்மை அல்ல. ஆனால் அடுத்த சில மாதங்களில் ஈறு சுருங்கி அது தளர்ந்துவிடும். உள்பக்கம் நிரப்ப வேண்டும், சில சமயம் புதிதாகவே செய்ய வேண்டும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முழுதும் பல் இல்லாத நிலையில் மேலையும் கீழையும் தனித்தனி முடிவாகப் பாருங்கள். மேலே நன்றாகச் செய்த சாதாரணச் செட்டே பெரும்பாலோருக்குப் போதும். கீழே அப்படியல்ல. கீழ்த்தாடைக்கு முதலில் முன்வைக்க வேண்டியது சாதாரணச் செட் அல்ல, இரண்டு இம்ப்ளான்டின் மேல் பொத்தான்போல் மாட்டும் செட் என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் 2002-இல் அறிவித்தார்கள். 2009-இல் இங்கிலாந்தின் யார்க்கில் கூடியவர்களும் அதை ஒட்டியே சொன்னார்கள். செட் மேலே கிளம்பாது. முன்பகுதி எலும்பும் காப்பாற்றப்படும். பொத்தானுக்குள் இருக்கும் வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும்.

நான்கு இம்ப்ளான்டின் மேல் கழற்றாமலே நிற்கும் வரிசைப் பல்லும் இருக்கிறது. 1990-களில் போர்ச்சுகலில் வளர்ந்த முறை. பின்னால் உள்ள இரண்டு திருகுகளைச் சாய்த்து வைப்பதால், எலும்பு குறைந்தவர்களுக்கும் பல சமயம் ஒட்டெலும்பு இல்லாமல் முடிகிறது. கடிப்பதற்கு இவற்றில் எல்லாம் உறுதியானது இதுதான். ஆனால் அடியில் நூல் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். கைநடுக்கம், பார்வைக் குறைவு, மறதி நோய் வந்தபின் அதை யார் செய்வது? கழற்றும் செட்டை மகளோ தாதியோ வாங்கிக் கழுவித் திரும்ப மாட்டிவிட முடியும். ஐம்பது வயதில் தேர்வு செய்பவர் எண்பதாம் வயதுக் கைகளையும் நினைத்துக்கொள்வது நல்லது.

செட்டையே தேர்ந்தெடுத்தால்

அதில் குறையில்லை. அறுவை வேண்டாதவர்கள், உடல் அனுமதிக்காதவர்கள், வசதி இடம் கொடுக்காதவர்கள் கோடிக்கணக்கானோர் செட்டோடுதான் சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள். 'பல் போனால் சொல் போச்சு' என்பார்கள். 'த', 'ந' இரண்டையும் சொல்லிப் பாருங்கள், நாக்கு மேல் முன்பல்லின் பின்னால் போய்த் தட்டும். புதுச் செட்டில் அந்த இடம் தடித்திருக்கும், முதல் சில நாள் வார்த்தை வழுக்கும். தினமும் கொஞ்ச நேரம் சத்தமாக வாசித்தால் விரைவில் சரியாகிவிடும். மெல்லும்போது உணவைச் சிறிதாக நறுக்கி, இருபக்கமும் ஒரே நேரத்தில் மெல்ல வேண்டும். ஒருபக்கம் மென்றால் மறுபக்கம் தூக்கும். புண் வந்தால் வீட்டிலேயே தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காமல் செய்தவரிடமே எடுத்துப் போங்கள். சிறிதளவு செதுக்கினாலே தீரும் வலியால் எத்தனையோ செட்டுகள் டப்பாவுக்குப் போய்விடுகின்றன.

இரவில் கழற்றிவைக்க வேண்டும். 85 வயதும் அதற்கு மேலும் ஆன 524 பேரை ஜப்பானில் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. கழற்றாத செட்டின் அடியில் பூஞ்சை வளர்ந்து அண்ணம் சிவந்துபோகும். செட்டைப் பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து அழுக்குச் சேரும். சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கொதிநீர் பட்டால் வளைந்துவிடும். செட்டை ஈறோடு ஒட்டவைக்கும் பசையைக் கொஞ்சமாகத் தடவுவதில் தவறில்லை. நாளுக்கு நாள் கூடுதலாகத் தேவைப்பட்டால் செட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். துத்தநாகம் கலந்த பசையை வருடக்கணக்கில் அளவு மீறித் தடவியவர்களுக்கு உடலில் செம்புச்சத்துக் குறைந்து நரம்பு பாதித்த சம்பவங்களும் உண்டு. ஐந்து முதல் பத்து வருடத்தில் எந்தச் செட்டும் மாற்றும் நிலைக்கு வந்துவிடும். ஒரு பல்லும் இல்லாதவர்களும் வருடத்துக்கு ஒருமுறை வாயைக் காட்ட வேண்டும், ஈறையும் நாக்கையும் பார்க்க.

கீழ் செட் டப்பாவிலேயே கிடந்த அந்த வருடத்துக்கு அடுத்த வருடம் அப்பாவுக்குக் கீழே இரண்டு இம்ப்ளான்ட் வைத்தோம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தது, முன்பகுதியில் எலும்பும் மிச்சமிருந்தது. நான்கு மாதம் காத்திருந்து, கீழ் செட்டைப் புதிதாகச் செய்து மாட்டினார்கள். இப்போது அதை மாட்டிக்கொண்டுதான் சாப்பிட உட்காருகிறார், சாப்பிட்டு எழுந்த பிறகும் அது வாயிலேயே இருக்கிறது. எக்ஸ்ரேயில் அந்தத் திருகுகள் இரண்டும் நிற்கும் இடத்தை மருத்துவர் காட்டினார். நான் கையெழுத்துப் போட்டு எடுக்கச் சொன்ன கோரைப்பற்கள் இருந்த அதே இடம்.